ஜப்பானியரின் ஆசிமொழியும் தமிழரின் வாழ்த்தும்

(கொழும்பு வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழை அயல்மொழி ஒன்றன் அருகே வைத்து நோக்கும் பொருளொன்றை ஆண்டுதோறும் ஒருவர் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரின் விருப்பம் என்று எனக்கு அறிவிக்கப்பட்டபோது, நாம் வழக்கமாக நாடும் ஆங்கிலத்தையும் வடமொழியையும் விடுத்து, ஜப்பானிய மக்கள் ஒருவரையொருவர் ஆசீர்வதிக்க எடுத்தாளும் சொற்களைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தேன். ஒரு ஜனசமூகம் தன் வாயிற் பிறக்கும் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டென்று நம்புகிறது என்பதை, அது ஏசும் சொற்களிலும் ஆசி கூறும் சொற்களிலும் காண்பதுபோல வேறெங்கும் காண்பதரிது. அவ்விரண்டனுள் ஆசி கூறும் சொல்லே இன்றைய மங்கல நாளுக்கு ஏற்றதென்று கொண்டேன்.

இப்பொருளைக் கொழும்பு நகரத்திலே பேசுவதற்கு ஒரு தகுதியுமுண்டு. யாழ்ப்பாணத்துச் சம்பிரதாயம் வழுவாமல் வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களில் மணமக்களுக்கு அறுகரிசி இட்டு வாழ்த்தும் முதியோரும், கொட்டாஞ்சேனையிலே சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் திருநீறு பெற்று மீளும் அன்பரும், அதே கொட்டாஞ்சேனையின் புனித லூசியாள் பேராலயத்தில் நற்கருணை ஆசீருக்காக முழந்தாளிட்டிருக்கும் கத்தோலிக்கரும், பிரித் ஓதிய நூலை மணிக்கட்டிலே கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்லும் பௌத்த நண்பரும், நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும்போதே நமக்காகத் துஆச் செய்யும் முஸ்லிம் அயலாரும் கலந்து வாழும் ஊர் இது. ஆசீர்வாதம் என்பது ஏட்டிற் கிடக்கும் விஷயமன்று, நாள்தோறும் கொள்ளவும் கொடுக்கவும் படுவது என்பதை இவ்வூராருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஜப்பானிய அகராதியைத் திறந்து ஆசீர்வாதத்துக்குரிய சொல்லைத் தேடுவோர் முதலிலே காண்பது ‘ஷுக்குஃபுக்கு’ என்பதாகும். இது சீன எழுத்துகள் இரண்டாலாகிய கூட்டுச்சொல். முதலெழுத்தாகிய ‘ஷுக்கு’, தெய்வபீடத்தின் முன்னே ஒருவர் மண்டியிட்டு வாய்திறந்து வேண்டுவதைக் காட்டுவதென்றும், இரண்டாமெழுத்தாகிய ‘ஃபுக்கு’, அதே பீடத்தின் அருகே நிறைந்திருக்கும் மதுக்கலத்தைக் காட்டுவதென்றும் எழுத்தின் வரலாறு ஆராய்ந்தோர் கூறுவர். எனவே, வேண்டும் வாயும் நிறைந்த கலமும் ஒருங்கு கூடியதே அச்சொல்லின் வடிவம். ‘ஃபுக்கு’ தனித்து நிற்கும்போது, நம் முன்னோர் ‘திரு’ என்றும் ‘பேறு’ என்றும் வழங்கிய பொருளைத் தரும். பெப்ருவரித் தொடக்கத்தில் வரும் செத்சுபுன் என்னும் நாளில், வறுத்த சோயா அவரையை வீசித் தீய சக்திகளை வெளியேறுமாறும் ஃபுக்குவை உள்ளே வருமாறும் ஜப்பானிய இல்லத்தார் உரத்துக் கூவுவர். ஃபுக்குவைத் தருவோராக அவர்கள் வணங்கும் ஏழு தெய்வங்களுள் மூவர் பாரதநாட்டிலிருந்து சீனத்தின் வழியாகச் சென்றவர். பென்சாய்தென் என்பவள் நம் கலைமகள், தாய்க்கொக்குதென் மகாகாளன், பிஷாமொன்தென் குபேரனாகிய வைசிரவணன்.

ஷுக்குஃபுக்கு என்னும் சொல்லின் பிரயோகத்திலே நாம் கருதத்தக்க நுட்பமொன்று உண்டு. கிறித்தவ தேவாலயத்திலே இறைவன் மாந்தருக்கு அருளும் ஆசிக்கு அச்சொல் வழங்கும். தோழியின் திருமணத்தை மனங்குளிர்ந்து வாழ்த்துவதற்கும் அச்சொல்லே வழங்கும். இளையவர் மூத்தவர்க்குச் சொல்லினும் வழுவில்லை. நம்மிடையேயோ, ஆசீர்வாதம் மேலிருந்து கீழே இறங்குவதென்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. மேடைதோறும் இளைஞர்கள் வாழ்த்துவதற்குத் தமக்கு வயதில்லை என்று சொல்லி வணக்கத்தோடு அமைகிறார்கள். பணிவு காரணமாக எழுந்த வழக்கே எனினும், அது பழந்தமிழ் மரபன்று என்பது என் அபிப்பிராயம். பாடாண்திணைப் பாட்டுகளிலே பசியோடு வந்து நின்ற பாணனும் புலவனும் முடிமன்னனை வாழ்த்தினார்கள். வாழ்த்துகின்றவனுக்கு வயதும் செல்வமும் வேண்டும் என்று அவர்களிடம் எவரும் கேட்டாரில்லை. மழையை வாழ்த்தினார்கள், ஆனிரையை வாழ்த்தினார்கள், உலகத்தையே வாழ்த்தினார்கள். அறுமுறை வாழ்த்து என்று உரையாசிரியர்கள் வகுத்துக் காட்டியதில் இவை யாவும் அடங்கும்.

ஷுக்குஃபுக்கு சீனத்திலிருந்து வந்த எழுத்துகளால் ஆயது. அதனினும் பழைய, தூய ஜப்பானியச் சொல்லொன்று உண்டு. ‘ஹொகு’ என்னும் வினை அது. நற்சொற் கூறி நன்மை விளைவித்தல் என்பது அதன் பொருள். சொல் என்னும் பொருளுடைய ‘கொத்தொ’ என்பதனோடு அது கூடி ‘கொத்தொஹொகி’ என்றாகி, காலப்போக்கில் ‘கொத்தொபுக்கி’ எனத் திரிந்து, இன்று நெடிய ஆயுளையும் மங்கல நிகழ்ச்சியையும் குறிக்கும் சொல்லாகத் திருமணப் பரிசு உறைகளின் மேலே எழுதப்படுகிறது. சொல்லால் வாழ்த்துதல் என்பது, அவ்வாழ்த்தினால் விளையும் நீண்ட வாழ்நாளுக்கே பெயராகிவிட்டது. வாழ்த்துக்கும் அதன் பயனுக்கும் இடையே அவர்கள் இடைவெளி காணாமையாலேதான் இம்மாற்றம் நேர்ந்தது என்று நான் கருதுகிறேன். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற, இருபது பகுதிகளும் ஏறக்குறைய நாலாயிரத்தைந்நூறு பாடல்களும் கொண்ட மன்யோஷூ என்னும் தொகைநூலிலே, யமனோஉஎ நோ ஒகுரா என்னும் புலவர் தம் நாட்டை, சொல்லின் ஆவியாகிய ‘கொத்தொதமா’ செழிக்கும் நாடென்று போற்றுகிறார். சொல்லுக்குள்ளே ஓர் உயிர் இருக்கிறது, சொன்னது நடக்கும், ஆதலால் சொல்லைத் தெரிந்து சொல்லவேண்டும் என்பதே அந்நம்பிக்கை.

இந்நம்பிக்கை இன்றும் அவர்களிடையே மறைந்துவிடவில்லை. திருமண விருந்திலே வாழ்த்துரை கூறுவோர் ‘வெட்டுதல்’, ‘பிரிதல்’ என்னும் பொருளுடைய சொற்களையும், மறுமணத்தை நினைவூட்டக்கூடிய இரட்டைக் கிளவிகளையும் விலக்குவர். விருந்து முடிந்தது என்று அறிவிக்கவேண்டிய இடத்தில், முடிவு என்ற சொல்லைத் தவிர்த்து, ‘திறத்தல்’ என்னும் பொருளுடைய ‘ஒஹிராக்கி’ என்பதைக் கூறுவர். விலக்கப்படும் அச்சொற்களுக்கு ‘இமிகொத்தொபா’ என்று பெயர். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லியே பழகிய யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் பிள்ளைகளாகிய நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. இறந்தவரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் வழங்குவதை மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கினுள் அடக்கியவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். நிறைமொழி என்று தொல்காப்பியர் கூறியதற்குப் பரிமேலழகர் திருக்குறளுரையிலே தரும் விளக்கத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும்: அருளிச் சொன்னாலும் சினந்து சொன்னாலும் தத்தமக்குரிய பயனைத் தந்தே தீரும் மொழி அது என்பது அவர் கருத்து. கொத்தொதமாவை ஒரு தமிழ்மாணவனுக்கு விளக்கவேண்டின், ஆங்கில நூல்களைப் புரட்டாமல், பரிமேலழகரின் அவ்வுரைப் பகுதியை அவன் கையிலே கொடுத்துவிடலாம்.

ஹொகு என்னும் வினையடியாகப் பிறந்த இன்னொரு சொல்லின் கதை துயரமானது. வீடுதோறும் சென்று நற்சொற் பாடி ஆசி கூறிப் பொருள் பெற்று வாழ்ந்த கலைஞர்களைப் பழைய ஜப்பானியர் ‘ஹொக்காயிபித்தொ’ என்றழைத்தனர். வாழ்த்துவோர் என்பதே அதன் பொருள். மன்யோஷூவின் பதினாறாம் பகுதியிலே அவர்களுடைய பாட்டுகளாக இரண்டு உள்ளன. மானும் நண்டும் தம் உடலை மன்னனுக்கு ஈவதாகத் தாமே பேசும் பாட்டுகள் அவை. அப்பெயரையோ இரப்போர் என்னும் பொருளுடைய சீன எழுத்துகளால் எழுதலாயினர். வாழ்த்துவோரை இரவலர் என்றெழுதிய அச்செயலிலே ஒரு சமூகம் தன் கலைஞர்பால் காட்டிய நன்றியின்மை பதிந்துகிடக்கிறது. நம் பாணரின் கதியும் வேறன்று. அரசவையிலே பொற்றாமரை சூடியவர்கள், பிற்காலத்திலே ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட இழிசினராயினர். தமிழ்நாட்டிலே விடியற்காலையில் உடுக்கை ஒலித்து நல்லகாலம் பிறப்பதாக வீதியிற் குறிசொல்லிச் செல்லும் குடுகுடுப்பைக்காரருக்கு நாம் இடுவதும் ஒரு பழந்துணியே. வாழ்த்தை விரும்பி, வாழ்த்தினவரை இகழ்ந்த இக்குற்றம் இரு நாட்டுக்கும் பொதுவானது.

இனி, என்னை மிகவும் ஆட்கொண்ட ஓர் ஒப்புமைக்கு வருகிறேன். ஜப்பானின் தேசிய கீதமாகிய ‘கிமிகயோ’, ஏறக்குறைய 905ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்ற கொக்கின்ஷூ என்னும் நூலின் ஏழாம் பகுதியிலுள்ள ஒரு சிறுபாட்டின் வழிவந்தது. அப்பகுதி முழுவதும் வாழ்த்துப் பாக்களுக்கென்றே வகுக்கப்பட்டது. அவற்றுட் பல வயது முதிர்ந்தோரின் விழாக்களிலே பாடப்பெற்றவை. சிறு கூழாங்கற்கள் காலம் செல்லச்செல்ல ஒன்றாய்த் திரண்டு பெரும்பாறையாகி, அப்பாறைமேல் பாசி படரும் அளவும் நீ வாழ்வாயாக என்பது அப்பாட்டின் கருத்து. ஆதியிலே அது பேரரசர் ஒருவரை மட்டும் சுட்டியதன்று. மதிப்புக்குரிய எவருக்கும் பொருந்துமாறு பாடப்பெற்றது. பிற்காலத்தில் அரசின் கீதமாகி, போர்க்காலத்து நினைவுகளையும் சுமந்து, ஜப்பானியருள்ளேயே வாதத்துக்கிடமான பின்னர், 1999ஆம் ஆண்டிலே சட்டத்தால் தேசிய கீதமாக உறுதிசெய்யப்பட்டது. ஆயினும் அதன் வேர் நீடு வாழ்க என்று கூறிய ஒரு வாழ்த்தே.

புறநானூற்றிலே நெட்டிமையார் என்னும் புலவர் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்தும்போது, கடல்கொண்டதாகக் கூறப்படும் பஃறுளியாற்றின் மணலை எண்ணிக்கைக்கு உவமையாக்கி, அம்மணலினும் பலவாகிய காலம் வாழ்க என்கிறார். அங்கே கல், இங்கே மணல். அங்கே சிறியது வளர்ந்து பெரிதாகும் காலத்தின் நெடுமை. இங்கே எண்ணித் தீராத பலவற்றின் பெருக்கம். எதுவும் சொல்லாமலே நிலைபெறும் கல்லையும், ஆறு அள்ளிக் கொணரும் மணலையும் சான்றாக நிறுத்தி மனித ஆயுளை நீட்டிப் பார்க்கும் துணிவு இரண்டு புலவர்க்கும் ஒன்றே. மானிடர் ஆயுள் அத்தனை நீளாது என்பதை இருவரும் அறியாதவரல்லர்; அறிந்தும் பாடினார்கள். உண்மையறிந்தும் அன்பினால் மிகுத்துக் கூறுவதைப் பொய்யென்று கொள்ளாத ஒரே இடம் வாழ்த்துப்பாட்டு. அறுபதாண்டு வட்டம் நிறைந்து பிறந்த வருடத்தின் பெயர் மீண்டும் வரும்போது ஜப்பானியர் ‘கன்ரெக்கி’ என்று விழாவெடுத்துச் செந்நிற ஆடை அணிவிப்பதும், நாம் அறுபதாம் கலியாணம் செய்து வைப்பதும் இவ்வன்பின் வேறு வடிவங்களே.

வாழ்த்து என்னும் நம் சொல்லின் இலக்கணத்தையும் இங்கே நோக்கவேண்டும். வீழ் என்பது வீழ்த்து என்றும், தாழ் என்பது தாழ்த்து என்றும் பிறவினையாவதுபோலவே வாழ் என்பது வாழ்த்து ஆயிற்று. ஒருவனை வாழ்த்துதலாவது அவனை வாழச்செய்தல். விரும்புதல் அளவிலே நின்றுவிடும் செயலை இச்சொல் குறிக்கவில்லை. அறுகரிசியை எடுத்து முழந்தாளிலும் தோளிலும் தலையிலும் இட்டு வாழ்த்தும் கிழவியின் விரல்கள் செய்வது ஒரு காரியம். ஹொகு என்னும் ஜப்பானிய வினை உணர்த்துவதும் அவ்வகைக் காரியமே. நான் இவ்வுரையிலே நிலைநாட்ட விரும்பும் கருத்து இதுவொன்றே: இவ்விரு மொழிகளிலும் ஆசி என்பது செயல்.

ஆங்கிலத்தின் வாயிலாக ஜப்பானியத்தைக் கற்போர், அம்மொழியினர் தனித்தனியே பாகுபடுத்தி வைத்த சொற்களை ஆசி என்னும் ஒரே குடத்தினுள் ஊற்றிவிடுகின்றனர். ‘மெகுமி’ என்பது அவற்றுள் ஒன்று. கோடையின் பின் பெய்யும் மழையை மெகுமி மழை என்பர். கடல் தரும் மீனையும் மலை தரும் காளானையும் கடலின் மெகுமி, மலையின் மெகுமி என்பர். கேளாமலே மேலிருந்து வந்து சேரும் கொடை அது. நம் ‘அருள்’ அதற்கு நேரானது. இச்சொல்லின் வரலாற்றிலே தமிழ்க்கரைக்கும் ஒரு பங்குண்டு. பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணி தொடங்கி, தமிழறிந்தோர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனனஞ்செய்து ஓதினார். அவரே 1549 ஆகஸ்ட் 15ஆம் நாள் ககோஷிமாத் துறையில் இறங்கி, அச்செபங்களை ஜப்பானிய மொழியிலும் ஆக்க முயன்றார். இறைவனுக்கு ‘தாய்நிச்சி’ என்னும் பௌத்தப் பெயரை முதலில் ஆண்டவர், அது மகாவைரோசன புத்தரைக் குறிப்பதென்று உணர்ந்தபின் அதனைக் கைவிட்டு ‘தேஉசு’ என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கினார். அந்த அனுபவத்தின் பின்னர், அருளைக் குறிக்கவும் போர்த்துக்கேயச் சொல்லையே ‘கராசா’ என்று ஜப்பானியக் கிறித்தவர் மந்திரம்போல் ஓதிவந்தனர். நெடுங்காலத்தின் பின் ‘செய்ச்சோ’ என்னும் சீனவழிச் சொல் அவ்விடத்தைப் பெற்றது. 2011ஆம் ஆண்டிலே கத்தோலிக்க ஆயர்கள் அங்கீகரித்த மரியன்னை செபத்தில் அவ்விடத்தில் இருப்பது ‘மெகுமி’. கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களிலே முதியோர் ‘பிரியதத்தம்’ என்றோதிய இடத்தில் இன்று பேரப்பிள்ளைகள் ‘அருள்’ என்றோதுகின்றனர். ஒன்றையொன்று அறியாமலே இரு திருச்சபைகளும் ஒரே செபத்தின் ஒரே இடத்தில், வந்த சொல்லை விடுத்துத் தாய்மொழிச் சொல்லை அடைந்திருக்கின்றன. இதனை நான் பெருமகிழ்ச்சியோடு எடுத்துரைக்கிறேன். எனினும் பிரியதத்தம் என்னும் பழஞ்சொல்லின் இனிமையை நினைந்து ஏங்குவோரின் உள்ளமும் எனக்கு விளங்காமலில்லை.

‘ஒகாகே சமா’ என்பது மற்றொன்று. சுகமாயிருக்கிறீர்களா என்று ஜப்பானியர் ஒருவரைக் கேட்டால், ஒகாகே சமாவால் நலம் என்பார். ‘காகே’ என்றால் நிழல். தெய்வத்தின் நிழலிலே, உம் போன்றோரின் நிழலிலே இருக்கிறேன் என்பதே அவ்வுபசார மொழியின் அடி. ‘உங்கட புண்ணியத்திலை சுகமாயிருக்கிறம்’ என்று வெள்ளவத்தைச் சந்தையில் இன்றும் கேட்கலாம். திருவடி நிழல் என்றும் குடைநிழல் என்றும் சொல்லிய மரபுக்கு அது அந்நியமன்று. வழிபடு தெய்வம் புறத்தே நின்று காக்க, பழிதீர்ந்த செல்வத்தோடு வழிவழியாகச் சிறப்பீராக என்று வாழ்த்துவதைப் புறநிலை வாழ்த்து என்று தொல்காப்பியச் செய்யுளியல் கூறுகிறது. கேட்கும்போது வேம்புபோற் கசந்து பின்னர் உறுதி பயக்கும் அறிவுரையை வாயுறை வாழ்த்து என்று அதே இயல் வாழ்த்தினுள் அடக்குகிறது. இதற்கு ஒப்பான வகையொன்றை நான் ஜப்பானிய நூல்களிற் கண்டதில்லை.

இத்தனை ஒப்புமைகளைக் கேட்டபின், இரு மொழியும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவையோ என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். காக்குஷுயின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஓனோ சுசுமு 1980ஆம் ஆண்டளவில் இருந்து, 2008இல் மறையும் வரையில், இரு மொழிக்கும் உறவுண்டு என்றே கூறிவந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அங்கு சென்று அவரோடு இணைந்து ஆராய்ந்தனர். மன்யோஷூவையும் சங்க அகப்பாடல்களையும் அருகருகே வைத்து மனோன்மணி அம்மையார் செய்த ஆய்வு, நம் நாட்டுப் பெண்ணறிஞர் ஒருவரின் அரிய சாதனை. நம் தைப்பொங்கலையும், ஜனவரி 15ஆம் நாளில் செம்பயற்றுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டாடும் ஜப்பானியச் சிறுபுத்தாண்டையும் ஓனோ விரிவாக ஒப்பிட்டார். ஆயினும் ஜப்பானிலும் பிறநாடுகளிலுமுள்ள மொழிநூலாரிற் பெரும்பாலோர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. ஒலியிணைகள் போதிய ஒழுங்குடையன அல்ல என்பது அவர்களது தடை. நமக்குப் பெருமை தருகிறது என்ற காரணத்துக்காக ஒரு கொள்கையை ஒப்புக்கொள்வது அறிவுடைமையாகாது. உறவு நிரூபிக்கப்படாவிடினும், அயலான் வீட்டு வாழ்த்தைக் கேட்டு நம் வாழ்த்தின் ஆழத்தை அறிந்துகொள்ள எத்தடையுமில்லை.

சொல் செயலாகும் என்பதற்கு இந்நாட்டு வரலாறே சாட்சி. 1951 செப்டெம்பர் 6ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே, அந்நாள் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, பகை பகையினால் தணியாது என்னும் தம்மபதக் கருத்தை எடுத்துக்காட்டி, இலங்கை ஜப்பானிடமிருந்து நட்டஈடு கோராது என்று அறிவித்தார். போரில் வீழ்ந்துகிடந்த ஒரு தேசத்துக்கு அது வாழ்த்தாயிற்று. காமகுராவிலே பெரும் புத்தர் வீற்றிருக்கும் கோயில் வளவில் 1991ஆம் ஆண்டில் அவ்வுரைக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். 1983 ஜூலையிலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடிழந்து உறவிழந்து அகதி முகாம்களில் இருந்த தமிழ்மக்கள், அப்போது ஜனாதிபதியாயிருந்த அவரது வாயிலிருந்து ஆறுதல்மொழி ஒன்றை எதிர்பார்த்திருந்தார்கள். அம்மாதம் 28ஆம் நாள் அவர் நாட்டுக்கு ஆற்றிய உரையிலே அம்மொழி இருக்கவில்லை. கடல்கடந்த தேசமொன்றை வாழ்வித்த நா, தன் சொந்தக் குடிமக்களுக்குச் சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாதொழிந்தது. சொல்லப்பட்ட வாழ்த்தின் பயனைப் போலவே சொல்லப்படாத வாழ்த்தின் விளைவும் நெடுங்காலம் நிற்கிறது என்பதை இந்த நகரம் அறியும்.

மாணவர்களே, இந்நாட்டிலே உயர்தர வகுப்பிலும் களனிப் பல்கலைக்கழகத்திலும் ஜப்பானிய மொழியைக் கற்க வாய்ப்புண்டு. வேலைக்காகவும் புலமைப்பரிசிலுக்காகவும் அதனைப் படிக்கும் தமிழ்ப்பிள்ளைகள், அவ்வளவோடு நின்றுவிடாமல், மன்யோஷூவையும் கொக்கின்ஷூவையும் மூலத்திலே வாசித்து, ஆங்கிலத்தின் கைப்பிடியின்றி நேரே தமிழாக்க முன்வரவேண்டும். மெகுமிக்கு அருளும், ஹொகுவுக்கு வாழ்த்தும், ஃபுக்குவுக்குத் திருவும் நம்மிடம் ஆயத்தமாக இருக்கின்றன. அத்தொண்டினை மேற்கொள்ளும் எவரையும், வயது நோக்காது, இச்சபை வாழ்த்தி ஆதரிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.